தறிச் சத்தத்தில் ஒரு ராப்

நேற்று மகளின் அறையிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்ததால் ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டதென்று எழுந்து போய் ஒயரை ஆட்டிப் பார்த்தேன். "அது அப்டிதாம்பா" என்று சிரித்தாள். இதே அசட்டுத்தனத்தை ஆரணியில் கலைவாணியிடமும் செய்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் லோக்கல் கேபிள் சேனலில் வேலை. பிறந்தநாள் வாழ்த்து, பட்டுக்கடை விளம்பரம் ஓட்டுவேன், போன் எடுப்பேன். சூடேறிய மிஷின்களின் தூசி வாசனை சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். கலைவாணி எடிட்டிங். வேலூரில் படித்தவள். கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டே ஏதோ வெளிநாட்டு ராப் சிடி கேட்பாள். ராகம் கிடையாது, தாளம் நொண்டும். எவனோ பேஜாராகிச் சாம்பாரில் உப்பில்லை என்று முணுமுணுப்பதுபோல் இருக்கும். கீறல் விழுந்த சிடி என்று நினைத்து அதைச் சட்டையில் துடைத்துப் போட்டவன் நான். கொஞ்ச நாளில் என் விரல்களே அந்த நொண்டித் தாளத்தை மேஜையில் தட்ட ஆரம்பித்தன என்றால் நம்புவீர்களா?

முதலாளி பக்கத்து ஊரான சேத்துப்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மத்தியானம், கலைவாணி தான் எடுத்த படத்தைச் சேனலில் போட்டாள். கதை இல்லை, மனித முகமே இல்லை. பவர்லூமில் ஓடும் நூல்கள், மழைத் தண்ணீர், டீக்கடை நுரை. தறிச் சத்தமே தாளம். அதன்மேல் அவளே நம்மூர்ப் பேச்சில் படபடவென்று பேசியிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

போன் அலறியது. டிவியில் கோடு கோடாய் வருகிறது, ஆள் அனுப்புங்கள் என்றார் ஒருவர். பாட்டு எங்கே என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்தார். அடுத்து முதலாளி. யாரோ அவருக்கும் சொல்லிவிட்டார்கள். உடனே எடுக்காவிட்டால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். கலைவாணியின் முகம் வெளுத்தது. ஆனாலும் படம் முடியும்வரை அவள் கை சுவிட்சுப் பக்கம் போகவில்லை. என் கையும்தான்.

மறுநாள் எங்களை நிற்கவைத்து முதலாளி திட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி போன். அவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பவர்லூம் ஓட்டுகிற ஒருவர்.

"நேத்து ஒரு பொண்ணு தறி சத்தத்துல பேசிச்சே, அத இன்னொருவாட்டி போடுவீங்களா? இங்க தறி ஓடிகினு இருந்துச்சு, பாதி காதுல உழல. எப்ப போடுவீங்கன்னு சொல்லுங்க, தறிய நிறுத்திட்டு கேக்கறோம்."

முதலாளி போனை வைத்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை போடலாம், முன்னாலும் பின்னாலும் விளம்பரம் சேர் என்று என்னிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கலைவாணி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் இப்போது சென்னையில் சினிமா வெட்டுகிறாள். சேனல் இருந்த அறையில் கூரியர் ஆபீஸ் வந்துவிட்டது. அப்போதெல்லாம் ஊரே ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்தது, பிடிக்காவிட்டால் கூப்பிட்டுத் திட்ட ஒரு நம்பரும் இருந்தது. ஆசைக்கு ஒருநாள் அந்த நம்பரை அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லையாம்.