பிளாஸ்திரி ஒட்டிய கண்

அன்று காலை எங்கள் ஆஸ்பத்திரியின் தானியங்கிக் கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டது. வழக்கம்போல ஹாஜா மைதீன் பாயின் எண்ணை அழுத்தினேன். மறுமுனையில் எடுத்ததும், ஒன்றும் பேசாமல் செல்போனைக் கதவின் மேல்பெட்டியருகே தூக்கிப் பிடித்தேன். மோட்டார் முனகுவதைக் கேட்டே கோளாறு என்னவென்று சொல்லிவிடுவார் பாய். அன்று வேறு குரல் வந்தது. “யாருங்க? கரகரன்னு சத்தந்தான் கேக்குது.” பாய் இல்லையா என்றேன். “மாமா நேத்து அசர் தொழுகைக்கு அப்புறம் மௌத்தாயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதாங்க.” எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப கதவு?” என்று கேட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

காரைக்காலில் அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அவர் பார்த்த வேலை என்னவென்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் பெரிய கடைகளின் கண்ணாடிக் கதவுகளைப் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்போது ஊரில் தானாகத் திறக்கும் கதவு மொத்தம் நாலோ அஞ்சோ. “அங்க கதவு அதிகம், உள்ள போக ஆளு இல்ல. இங்க ஆளு அதிகம், கதவு இல்ல. எனக்கு ரெண்டுமே புரியல தங்கச்சி” என்பார். அவருடைய பையில் கருவிகளை விடப் பழைய பல்துலக்கும் பிரஷ்கள்தான் அதிகம். தரையில் கதவு ஓடும் தடத்தில் படியும் உப்பையும் மணலையும் அவற்றால்தான் தேய்த்து எடுப்பார்.

நான் கிளிஞ்சல்மேட்டுக்காரி. சுனாமியில் அப்பாவின் படகு போன மறு வருஷம் இந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தேன். வீட்டில் ஐந்து பேருக்கும் இந்த வேலைதான் சோறு.

சேர்ந்த புதிதில் கதவு திறக்கும், மூடாது. ஏசிக் குளிரெல்லாம் தெருவுக்குப் போகிறதென்று டாக்டர் என்னைத்தான் ஏசுவார். பாய் வந்தார். கதவின் மேல்பெட்டியைத் திறக்கவே இல்லை. நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், வாசலில் குவிந்திருந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கினார். கதவு மூடிக்கொண்டது. கதவின் பக்கத்தூணில், கணுக்கால் உயரத்தில் ஒரு கண் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒளி எதிர்த்தூணில் உள்ள வில்லையில் பட்டுத் திரும்பினால்தான், நடுவில் யாரும் இல்லை என்று கதவு நம்பும். நம் ஜனங்கள் வாசற்படியை ஒட்டியே செருப்பை விடுகிறவர்கள். குவியல் ஏற ஏற ஒளி மறைந்துவிடுகிறது. “செருப்பு கெடந்தா ஆளு இருக்குன்னுதானே நாமளும் நெனைப்போம்? கதவும் அப்படித்தான்” என்று சிரித்தார்.

வேலை முடிந்ததும் ஒன்று செய்வார். மூடிக்கொண்டு வரும் கதவுக்கு நடுவில் அசையாமல் நிற்பார், மூன்று முறை. மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொள்வார். “மீட்டர் சொல்றத நம்பாதீங்க. ஒடம்பு பயப்படாம நிக்குதான்னு பாருங்க.” எனக்கு இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் செருப்பு மறுபடி குவிந்தது. எத்தனை தடவை ஒதுக்கினாலும் குவிந்தது. டாக்டர் இரண்டாம் தடவை கத்தியதும், டிரஸ்ஸிங் அறையிலிருந்து வழவழப்பான வெள்ளைப் பிளாஸ்திரியை எடுத்துவந்து அந்தக் கண்ணின் மேல் ஒட்டினேன். கதவு சமர்த்தாக மூடியது. எப்படி என்று அப்போது தெரியாது. பளபளத்த பிளாஸ்திரியே ஒளியைத் திருப்பி அனுப்பி, வழியில் யாரும் இல்லை என்று கதவை நம்பவைத்திருக்கிறது. மூன்றாம் நாள், நெடுங்காட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் வாசலில் நின்று தன் செருப்பைத் தேடினார். நிதானமாகத் தேடினார். கதவு அவர்மேல் மூடியது. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது.

பாயை வரவழைத்தார்கள். அவர் தூணருகே குனிந்தார். வெகுநேரம் எழவில்லை. எழுந்து, “கண்ணு கெட்டுப்போச்சு டாக்டர். போன வாரமே நான் பாத்திருக்கணும். என் தப்புதான்” என்றார். இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார் டாக்டர். பாய் ஸலாம் சொல்லிப் போய்விட்டார். பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன், தூணில் பிளாஸ்திரி இல்லை. அவர் எடுத்தாரா? அவர் வருமுன்பே தரை துடைக்கும் அம்மா எடுத்துப் போட்டாரா? அதுவே உரிந்து விழுந்ததா? அவருக்குத் தெரியுமா, தெரியாதா?

புதிதாக அமர்த்திய வெளியூர்க் கம்பெனி கூப்பிட்டால் வராது. டாக்டருக்குத் தெரியாமல் பாய்க்கே போன் செய்தேன். போனைக் கதவருகே பிடிக்கச் சொல்லிக் கேட்டு, வழி சொன்னார். ஒரு தடவைகூட அதைப்பற்றிப் பேசவில்லை. வைக்கும்போது மட்டும், “கண்ணைத் தொடச்சு வைங்க தங்கச்சி. அதுல எதுவும் ஒட்டாமப் பாத்துக்கங்க” என்பார். தூசியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா? இரண்டு வருஷமாக ராத்திரித் தூக்கம் கெட யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

பாய் இறந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி, கணவர் இறந்தபின் தனித்திருக்கும் இத்தாவில், உள்ளறையில் இருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றேன். நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பிளாஸ்திரித் தங்கச்சியா?”

“யாரு சொன்னா அந்தப் பேரு?” என்றேன்.

“ஒங்க போன் வந்தா, பிளாஸ்திரித் தங்கச்சி கூப்புடுதுன்னு சிரிச்சுக்கிட்டே எந்திரிப்பாங்க. சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிப்பாங்க. ஏன் அந்தப் பேருன்னு கேட்டா சொல்லவே மாட்டாங்க. ஏம்மா, ஒங்களுக்குத் தெரியுமா?”

அழுதேன். சொன்னேன். அவர்கள் என் கையை விடவில்லை.

ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று எனக்கு இன்னும் தெரியாது. கேட்டிருக்கலாம். பயந்து கேட்கவில்லை. இதைப் படிப்பவர்களில் எங்கள் டாக்டரும் இருப்பார். அந்தக் கண் கெடவில்லை, டாக்டர். மூடியது நான். நெடுங்காட்டுப் பெரியவரிடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லப்போகிறேன். வேலை இருக்குமோ இருக்காதோ.

இருக்கிறவரை, தினமும் காலையில் முதல் நோயாளி வருமுன் தூணின் கண்ணைத் துடைத்துவிட்டு, கம்பெனி ஆள் ஒருவழியாக வந்து சரிசெய்த கதவுக்கு நடுவில் மூன்று முறை நிற்கிறேன். பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மூன்றாவது முறை கண்ணை மூட வேண்டும். இன்று காலைதான் முதல்முறையாக மூட முடிந்தது.