கைப்பைக்குள் காலி அட்டைகள்

நாகலூரில் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போதே என் கைப்பைக்குள் பத்துப் பன்னிரண்டு காலி மாத்திரை அட்டைகள் வந்து சேர்ந்துவிடும். எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் பெரியவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து தருவார்கள். நான் ஏற்காடு டவுனில் ஒரு ஓட்டலில் வேலை பார்க்கிறேன். சாயந்திரம் மருந்துக் கடையில் அந்த அட்டைகளைக் காட்டினால் அதே மாத்திரை புதிதாகக் கிடைக்கும். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. எங்களுக்குக் காலி அட்டைதான் சீட்டு. அதில் பாதிக்கு மேல் கேஸ் மாத்திரை.

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. "நீ இல்லீன்னா எங்க வவுத்துக்கு ஆரு கண்ணு?" என்று அடுத்த வீட்டு அத்தை சொன்னால் அன்றைக்குப் பூராவும் மனசு குளிர்ந்து கிடக்கும்.

என் அப்பாவும் மாத்திரைக்காரர்தான். எழுபத்தாறு வயது, காப்பித் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த உடம்பு. காலையில் வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை போடுவார். கண் ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதியது ஒன்று, முட்டி வலிக்குப் பார்த்தவர் எழுதியது ஒன்று, காய்ச்சலுக்குப் போன இடத்தில் கொடுத்தது ஒன்று. மூன்றும் வேறு வேறு நிறம், வேறு வேறு பெயர். அப்பா அவற்றைக் கண் மாத்திரை, முட்டி மாத்திரை, காய்ச்ச மாத்திரை என்றுதான் சொல்வார். ஐந்து நாளைக்கு, பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தவைதான். நாள் முடிந்தது, மாத்திரை முடியவில்லை. டாக்டர் கொடுத்ததை அவரைக் கேட்காமல் நிறுத்துவது மரியாதை இல்லை என்பது அப்பாவின் கட்சி. நாலு வருடமாக அந்த மரியாதையைக் கைப்பையில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தவள் நான்.

போன மார்கழியில் அவருடைய விரல்கள் மடங்க ஆரம்பித்தன. காப்பி டம்ளரைப் பிடித்தால் விட வராது. கட்டை விரல் உள்ளே போய் மற்ற விரல்கள் அதன்மேல் குவிந்துகொள்ளும். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து டம்ளரை எடுப்பேன்.

"குளிருக்குக் கை இழுக்குது கண்ணு," என்பார்.

சேர்வராயன் மலைக் குளிருக்கு யார் கைதான் இழுக்காது? தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அதற்கும் எண்ணெய்தான். அந்த மூன்று மாத்திரையை மட்டும் ஒரு நாள் தவறாமல் கொடுத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டை முன்னால் வைத்தேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எந்த ஊருங்கம்மா?" என்று கேட்டார்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெற்ற மகளை ஒரு விருந்தாளியைப் போல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நிமிடம் கண்கள் மேலே செருகின, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, அப்படியே சரிந்தார்.

பக்கத்து லைனிலிருந்த ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். அந்த மலைப்பாதையில் எத்தனையோ தடவை தூங்கிக்கொண்டே இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பாவின் தலை என் மடியில் உருண்டது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரலை வைப்பேன், ஜீப் குலுங்குகிற குலுக்கலில் ஒன்றும் தெரியாது. பயந்தேன். இப்போது எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டர் அம்மா. "என்னென்ன மாத்திரை போடறாருங்க? எல்லாத்தையும் காட்டுங்க," என்றார். கிளம்பும் அவசரத்தில் அப்பாவின் அட்டைகளையும் கைப்பைக்குள் போட்டிருந்தேன். பையை மேசைமேல் அப்படியே கவிழ்த்தேன்.

அவர் அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்பாவுடையவை எவை என்று கேட்டு மூன்றைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது கண்ணுக்குங்க, இது முட்டிக்கு, இது காய்ச்சலுக்கு," என்றேன்.

"மூணுமே கேஸ் மாத்திரைங்க. பேருதான் வேற, செய்யற வேலை ஒண்ணு," என்றார்.

ரத்தப் பரிசோதனை வந்தது. மெக்னீசியம் என்கிற உப்பு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் சிலருக்கு அப்படி ஆகுமாம். கை மடங்கியது அதனால்தான், வலிப்பும் அதனால்தான். இன்னும் விட்டிருந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகியிருக்கும் என்றார்.

அப்புறம் அவர் மேசையில் மீதி கிடந்த குவியலைப் பார்த்தார். சனிக்கிழமை மருந்துக் கடை பூட்டியிருந்ததால் பையிலேயே தங்கிவிட்ட அட்டைகள்.

"இதெல்லாம் யாருதுங்க?"

"எங்க லைன் ஊட்டுக்காரங்களுதுங்க."

"எல்லாரும் வயசானவங்களா?"

தலையை ஆட்டினேன். அவர் அந்தக் குவியலை என் பக்கம் தள்ளினார். பிறகு, "நீங்களா நிறுத்தச் சொல்லிராதீங்க. வேற மருந்து சாப்பிடற சிலருக்கு இது வேணும். ஆனா ஒவ்வொருத்தரையும் ஒரு டாக்டர் பார்த்தே ஆகணும்," என்றார்.

அப்பாவுக்கு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் கண் விழித்து, "சாப்பிட்டியா கண்ணு?" என்றார். அந்த 'கண்ணு'வைக் கேட்டதும் வார்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பினோம். மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றபோது வழக்கம்போல எல்லோரும் அட்டையோடு வந்தார்கள். நான் கைப்பையைத் திறக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"காப்பிப் பழம் பறிக்கற சமயத்துல ஆசுபத்திரிக்கு ஆரு போறது? உங்கப்பன் மூணு போட்டாரு, நான் ஒண்ணுதானே போடறேன்," என்றார் அடுத்த வீட்டு அத்தை.

"எத்தன வருசமாங்க அத்தை?"

"உங்க மாமன் செத்ததுலருந்து."

மாமா போய்ப் பத்து வருடம் இருக்கும். பஸ் வந்து நின்றது. "சரி உடு, கண்டக்டரு கிட்டக் குடுத்துக்கறேன்," என்று அத்தை படிக்குப் போய்க் கையை நீட்டினார். கண்டக்டர் அட்டையைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை.

"உடுங்கம்மா," என்றார் அவர்.

"இருங்க, குளிருக்குக் கை இழுக்குது," என்றார் அத்தை.

பார்த்தேன். கட்டை விரல் உள்ளே மடங்கியிருந்தது. மற்ற விரல்கள் அதன்மேல் குவிந்திருந்தன. கிட்டே போய் அந்தக் கையை என் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்து அட்டையை எடுத்தேன்.

கண்டக்டரிடம் பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு, அதே ஜீப்புக்குப் போன் செய்தேன்.