மிச்சமிருந்த ஒரு சட்டை

செத்துப் போனவரின் பொருளைப் பூட்டி வைப்பது அவரைக் காப்பதா, எடுத்துப் புழங்குவது அவரைக் காப்பதா? பல்லம்மா இதை யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அவளுடைய கடைசிக் காலம் முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் கழிந்தது.

பல்லம்மா என்பது தெரு வைத்த பெயர். பல்செட் செய்யும் பட்டறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தாள். மெழுகில் ஈறு வடிப்பாள், பிளாஸ்டரில் அச்சு ஊற்றுவாள், உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவாள். தெருவில் பாதிப் பேர் சிரிப்பது தன் பெண்டாட்டியின் கைவேலை என்று புருஷன் சொல்லித் திரிவார். படம் என்று அவள் ஒரு கோடுகூடப் போட்டதில்லை.

மகன் காய்ச்சலில் போனான், முப்பதுகூட ஆகவில்லை. அவன் சட்டைகளை மடித்து அலமாரியில் வைத்தாள். அவள் வேலையிலிருந்து நின்ற வருஷம் சமையலறைச் சுவர் விரிசல் விட்டது. அவள் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த பிளாஸ்டரைப் புருஷன் குழைத்துப் பூசினார். கண் மங்கிய மனுஷன், அவள் வெயில் காட்ட எடுத்து வைத்திருந்த மகனின் பச்சைச் சட்டையைக் கந்தல் என்று நினைத்து, வழிந்ததையெல்லாம் அதில் துடைத்துப் போட்டுவிட்டார். காலையில் சட்டை தரையில் கல்லாக இறுகிக் கிடந்தது. ஒரு கை மடங்கித் தலைக்கு அணை கொடுத்த மாதிரி இருந்தது. மகன் அப்படித்தான் படுப்பான்.

புருஷன் ஆடிப்போனார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதை அப்படியே தூக்கிப் பலகையில் ஆணி வைத்து அறைந்தாள்.

“செவுத்துக்குப் பூசினது உதுந்துடுச்சு, சட்டைக்குப் பூசினது நின்னுடுச்சு பாரு,” என்றார் அவர், சில நாள் கழித்து, பயம் தெளிந்தபின்.

பிறகு மற்ற சட்டைகளிலும் அவளே படம் செய்யத் தொடங்கினாள். சட்டையைப் பிளாஸ்டரில் முக்கி எடுத்தால், அது இறுகுவதற்குள் எப்படிக் கிடக்க வேண்டுமோ அப்படிக் கிடத்திவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. காய்ந்ததும் தேயிலைச் சாறு ஊற்றிக் கறை ஏற்றுவாள். பையிலிருந்த பஸ் டிக்கெட்டை மெழுகுக்கு அடியில் பதிப்பாள். கடைசியில் உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, வெள்ளைக்குள்ளிருந்து துணி மெல்ல வெளியே வரும். எல்லாம் நன்றாக வந்தன என்று சொல்ல முடியாது. சில வெறும் துக்கம், படமில்லை. மஞ்சள் சட்டை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவளே முறத்தில் வாரிக் கொட்டினாள். தேறியவை நான்கோ ஐந்தோ. தேறினாலும் தேறாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை போயிற்று.

படங்களுக்குச் சட்டம் போட்டவர் ஒரு கண்காட்சிக் கூடத்தாரிடம் சொல்லி வைத்தார். அவர்கள் வந்து பார்த்து, நடுச் சுவருக்குப் புதிதாக ஒன்று வேண்டும் என்றார்கள். அலமாரியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சட்டை, கட்டம் போட்டது.

விஷயம் தெரிந்து மகள் வந்தாள்.

“இத மட்டும் விட்டுடும்மா. உனக்கு மகன்னா எனக்கு அண்ணன்தானே?”

“பூட்டி வச்சா பூச்சி தின்னும்டி.”

“பூச்சி மெதுவாத்தான் தின்னும். நீ ஒரே நாள்ல தின்னுடுற.”

மகள் போனபின் பல்லம்மா பிளாஸ்டர் குழைத்தாள். அது பேசினிலேயே இறுகியது. மறுநாளும் குழைத்தாள், மறுபடி இறுகவிட்டாள்.

கண்காட்சியில் நடுச் சுவர் வெறுமையாக இருந்தது. பல்லம்மா அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள், தொளதொளவென்று, கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டு. மகள் பார்த்தாள். அன்றோடு விடவில்லை பல்லம்மா. அதைப் போட்டுக்கொண்டே சமைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், கடைக்குப் போனாள். துவைத்துக் காயப்போட்டு மறுபடி அதையே போட்டாள். காலர் நைந்தது, முழங்கை கிழிந்தது. கிழிந்த இடத்தை அவள் தைக்கவுமில்லை. ஏன் என்று புருஷன் ஒருமுறை கேட்டார். அவள் கிழிந்த கையை இன்னும் மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு அடுப்பில் உலை வைத்தாள்.