பேர் சொல்லாத பட்டை

என் கணவர் தமது இரும்புக்கடையில் உட்கார்ந்தபடியே ஒரு பானைத் தண்ணீரைக் காலி செய்யத் தொடங்கியபோது, சங்கரன்கோவில் வெயிலைத்தான் குற்றம் சொன்னோம். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. உள்ளங்காலில் ஆணி குத்திய புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. அதைப் பார்த்த டாக்டர், நீரிழிவு (இரத்தத்தில் சர்க்கரை மிகும் நோய், எங்கள் பக்கத்தில் சீனி வியாதி) என்றார்.

இரத்தத்தில் சர்க்கரை பார்க்கத் திருநெல்வேலிக்குப் போக வேண்டும். அதனால் சிறுநீரை நீலத் திரவத்தில் விட்டுக் காய்ச்சிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தார். செங்கல் நிறமானால் சர்க்கரை அதிகம்; நீலமாகவே இருந்தால் நல்லது. அவர் கொடுத்த மாத்திரையில் செங்கல் நிறம் மஞ்சளானது. அதோடு நின்றுவிட்டது. என் கணவருக்குப் பொறுமை இல்லை, எனக்கு அதைவிட இல்லை.

சிவகிரியிலிருந்து என் தம்பி ஒரு மரப்பட்டைப் பொடி கொண்டுவந்தான். மலையடிவாரத்து வைத்தியர் ஒருவர் இடித்துக் கொடுத்தது. ஆலம்பட்டை, நாவல்பட்டை என்றால் ஊருக்கே தெரியும். இது வேறாம். என்ன மரம் என்று தம்பிக்கே சொல்லவில்லை.

“எக்கா, மருந்து பேரு வெளிய போனா பலிக்காது. டாக்டருட்டயும் மூச்சு விடாத,” என்றான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தாமல், சாயங்காலம் பட்டைக் கஷாயமும் கொடுத்தேன். பத்தியம் என்று இரவுச் சோற்றையும் கஞ்சியாக்கினேன்.

பத்தே நாளில் நீலம். கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். டாக்டருக்கும் சந்தோஷம். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். நாக்குக் கூசவில்லை.

ஒரு நாள் வயிறு மந்தம் என்று அவர் கஞ்சியும் குடிக்காமல் படுத்தார். மாத்திரையையும் கஷாயத்தையும் மட்டும் தவறாமல் கொடுத்தேன். காலையில் எழுப்பினால் உளறினார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. சீனி ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவி கருப்பட்டிக் காப்பியோடு ஓடிவந்தார். அப்போது என் கணவரால் விழுங்க முடிந்தது. நான்தான் தம்ளரைத் தட்டிவிட்டேன். சீனிக்காரருக்குக் கருப்பட்டியா என்று அந்த அம்மாளைத் திட்டவும் செய்தேன்.

டாக்சி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நினைவே இல்லை. தாழ்சர்க்கரை (சர்க்கரை அளவு மீறிக் குறைந்து மூளை பட்டினி கிடப்பது) என்று சொல்லி நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்போதுதான் பட்டையைப் பற்றிச் சொன்னேன். என்ன பட்டை என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

“நீலத்துக்குக் கீழ நிறம் கிடையாதும்மா. எவ்வளவு இறங்கினாலும் நீலமாத்தான் காட்டும். சொல்லியிருந்தா மாத்திரையைக் குறைச்சிருப்பேனே,” என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் நாள் கண் திறந்தார். புண்கூடப் பிறகு ஆறியது. மூளையில் பட்டினி கிடந்த பகுதி மட்டும் திரும்பவில்லை. பார்க்க வந்த உறவினர்கள் விதி என்றார்கள். விதியா டாக்டரிடம் இல்லை என்று சொன்னது? தம்பி மட்டும் என்னைத் தனியாக அழைத்து, “யாருட்டயும் சொல்லிட்டியாக்கா?” என்று கேட்டான். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒரு கஷாயம் கொதித்துக்கொண்டிருக்கலாம். பட்டை கெட்டது என்று நான் சொல்லவில்லை. கெடுத்தது அதுதானா என்றே இன்றுவரை தெரியாது. எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் பலிக்காத மருந்து நமக்கு வேண்டாம்.

இப்போது அவருக்கு எல்லா நேரமும் விடியற்காலைதான். உச்சிவெயிலில் எழுந்து உட்கார்ந்து, “மணி என்னட்டி? கடை தெறக்கணும்லா,” என்பார். கடையை விற்றுவிட்டோம் என்று முதலில் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பவராக அழுதார்.

இப்போதெல்லாம், “இன்னும் விடியல, படுங்க,” என்கிறேன். நான் சொன்னால் நம்பிப் படுத்துக்கொள்கிறார்.