ரயிலுக்கும் தெருக்குத்து உண்டு

நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் நாங்கள் வாங்கிய வீட்டை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. வீட்டில் குறையொன்றும் இல்லை. கோவில் பக்கம், என் கணவரின் ஆபீஸ் பக்கம், மகளுக்குத் தனி ரூம். ஆனால் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் தண்டவாளம் நேராக எங்கள் வீட்டைப் பார்த்து வந்து, அங்கேயே முடிந்திருந்தது. வண்டி அதற்குமேல் வராமலிருக்கக் குறுக்கே ஒரு மரத்தடுப்பு. அதை மறைத்து ஊசியிலை மரங்கள் இரண்டு.

"அது டெட் ட்ராக்காம். வருஷக்கணக்கா ட்ரெயினே வரலையாம்," என்று ஏஜென்ட் சொன்னதை என் கணவர் என்னிடம் ஒப்பித்தார்.

"விக்கிறவன் வேற எப்படிச் சொல்லுவான்?" என்றேன்.

அவர் வெளுத்ததெல்லாம் பால் என்கிற ரகம். நான் பாலையே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறவள். எங்கள் ஈரோட்டுப் பக்கம் தெரு நேராக வந்து முட்டுகிற வீட்டைத் தெருக்குத்து என்பார்கள். லேசில் வாங்கமாட்டார்கள். வாங்கினாலும், முட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளையாரை உட்காரவைத்துவிட்டுத்தான் பால் காய்ச்சுவார்கள். இங்கேயும் ஒன்று வையுங்கள் என்றேன்.

"ட்ரெயினுக்கெல்லாம் எவன்டி தெருக்குத்து பாக்கிறான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சிரித்தார். கேலி செய்த வாயோடு அவரே வந்து வைக்கட்டும் என்று நானும் வீம்பாக விட்டுவிட்டேன்.

மாடி ஜன்னலில் நின்றால், கொஞ்சம் தள்ளி, மூடிக்கிடந்த ஃபாக்டரி ஓரமாகச் சில சரக்கு வேகன்கள் நிற்பது தெரியும். பழுப்பு வேகன்கள். அவற்றை நான் தினமும் பார்ப்பேன். ஒரு வேகனில் வெள்ளையாக ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. வெயில் சாய்வாக விழும்போது அந்தப் பெயிண்டுக்கு அடியிலிருந்து இன்னொரு பெயர் மெதுவாக எழும்பி வந்தது. இன்னொன்றில் முழுப் பெயிண்ட்கூட இல்லை. பழைய எழுத்துகள் மேல் மட்டும் ஒரு பட்டை இழுத்து, புது எழுத்துகளை எழுதியிருந்தார்கள். ஊருக்கு ஊர் பெயரை மாற்றிக்கொண்டு திரிகிறவனை எப்படி நம்புவது?

லைப்ரரியில் ரயில்வே புத்தகங்கள் எடுத்து வந்தேன். நான் சந்தேகப்பட்டது சரிதான். ஒரு காலத்தில் இந்த நியூ ஜெர்சியில் திரும்பின பக்கமெல்லாம் ஒரு ரயில் கம்பெனி இருந்திருக்கிறது. நிலக்கரிக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று, பென்சில்வேனியா போக ஒன்று. ஹைவேயும் லாரியும் வந்ததும் ஒவ்வொன்றாகத் திவால். எழுபதுகளில் அரசாங்கம் அவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டி ஒரே கம்பெனியாக்கியது. நாங்கள் வந்த சமயத்தில் அந்த ஒன்றையும் இரண்டு பெரிய கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பெரியவர்களுக்கு வேண்டாத கிளைத்தடங்களைச் சின்னக் கம்பெனிகள் எடுத்து ஓட்டுவதும் வழக்கமாம். பாகப்பிரிவினை நடக்கிற வீட்டில் பழைய கொட்டகையை யார் பழுது பார்ப்பார்கள்?

நவராத்திரி சமயம் மகளின் பிறந்தநாள் வந்தது. அவள் ரொம்ப நாளாகக் கேட்ட ஊஞ்சலை என் கணவர் வாங்கி வந்து, வேலிக்குப் பக்கத்தில் இரும்புக் கால்களைப் பூட்டி நிறுத்தினார். சரியாகத் தண்டவாளத்துக்கு நேர் எதிரே.

"இங்க மட்டும் வேணாங்க. வேற எங்கயாவது போடுங்க."

"வேற எங்க? யார்டுல இது ஒண்ணுதான் சமமான இடம். குழந்தையைப் பயமுறுத்தாதே."

அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. கொலுவுக்கு வந்தவர்களோடு பேசினேன். அவர்கள் போனபின், தாம்பூலத்துக்கு எடுத்து வைத்திருந்த துணிகளில் ஜரிகை போட்ட சிவப்பு ரவிக்கைத் துண்டைக் காணோம். யாரும் தைக்காமல் வீடு வீடாகச் சுற்றுகிற துண்டுதான். ஆனாலும் அது நல்ல துண்டு. பக்கத்து ஊர் எடிசனிலிருந்து வந்த தோழி ஒருத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் கவனித்திருந்தேன். அப்புறம் அவள் போன் பண்ணியபோது பட்டும்படாமலும் பேசினேன்.

மகளை டேகேரில் விடப் போகிற வழியில் அதே தண்டவாளம் ரோட்டைக் கடக்கும். அங்கே காரை மெதுவாக்கி, தண்டவாளத்தின் மேற்பரப்பைப் பார்ப்பது என் வழக்கம். எப்போதும் துருவேறிப் பழுப்பாக இருக்கும். நவராத்திரி முடிந்து சில வாரம் கழித்து, ஒரு காலை அது பளபளவென்று இருந்தது.

"அதுமேல ஏதோ ஓடியிருக்குங்க," என்றேன்.

"மழை பெஞ்சுதுல்ல, துரு போயிருக்கும்."

"மழை பெஞ்சா துரு ஏறுமா, போகுமா? நீங்கதானே இன்ஜினியர்?"

அவர் பேப்பரைத் திருப்பினார்.

அந்தச் சனிக்கிழமை அவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். நான் சமையலறையில் இருந்தேன். மகள் ஊஞ்சலில். முதலில் பாத்திரங்கள் அதிர்ந்தன. பிறகு இரும்பு இரும்போடு இடிக்கிற சத்தம், ஒன்றின்பின் ஒன்றாக, எங்களை நோக்கி. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. ஓடிப் போய் மகளைத் தூக்கியபோது வேலிக்கு மேலே அந்தப் பழுப்பு வேகன் வந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீளமாக ஒரு கிறீச். பிறகு ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஆரஞ்சு அங்கி போட்ட ரயில்காரர் ஒருவர். கையில் ஏதோ சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருந்தார். இது உங்களுடையதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. இந்த ஊரில் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிவைப்பதுதான் எனக்கு வழக்கம்.

அவர் கோபப்படவில்லை. அந்தத் தடத்தை இப்போது அவர்கள் கம்பெனி எடுத்திருக்கிறதாம். காலி வேகன்களை நிறுத்தி வைக்கப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்களாம். அவர் கடைசி வேகனில் தொங்கியபடி வந்திருக்கிறார். வழக்கமாகத் தடுப்பில் லேசாகத் தொடும்வரை தள்ளுவார்களாம். ஆனால் தடுப்பின் மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. தண்டவாளத்தில் சிவப்பு இருந்தால் என்ன ஏது என்று யோசிக்கக் கூடாது, நிறுத்த வேண்டும். ரேடியோவில் இன்ஜின் டிரைவரிடம் சொல்லி நிறுத்தினார். இறங்கி வந்து தடுப்பைக் காலால் உதைத்துப் பார்த்தார். உள்ளே மரம் முழுக்க உளுத்து, பொலபொலவென்று உதிர்ந்ததாம். தொட்டிருந்தால் தாங்கியிருக்காது என்று சொல்லிவிட்டு, என் தோளுக்கு மேலாக ஊஞ்சலைப் பார்த்தார்.

துணியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கையளவு பிள்ளையார். அந்தத் துணி, பிள்ளையாருக்கு வேட்டி மாதிரி மடித்துக் கட்டியிருந்த, ஜரிகை போட்ட என் ரவிக்கைத் துண்டு.

என் இடுப்பிலிருந்த மகள் கை நீட்டினாள்.

"தட்ஸ் அப்பாஸ் பிள்ளையார்! ஹீ ஸெட் டோண்ட் டெல் அம்மா."

பிள்ளையாரை வாங்கிக்கொண்டேன். அந்த மனிதருக்கு நன்றி சொன்னேன்.

கணவர் திரும்பி வந்தபோது டைனிங் டேபிளில் பிள்ளையாரை வைத்து, எதிரே உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். காய்கறிப் பையைத் தரையில் வைத்தவர் நிமிரவே இல்லை.

"இது உங்க ஆபீஸ் டேபிள்ல இருந்ததுதானே? எப்ப வச்சீங்க?"

"ஊஞ்சல் போட்ட அன்னிக்குத்தான். நீ கொலுவுல பிஸியா இருந்தே."

"அப்ப என்னைப் பாத்து ஏன் அப்படிச் சிரிச்சீங்க?"

"நானும் பயப்படறேன்னு தெரிஞ்சா நீ இந்த வீட்டுல தூங்கவே மாட்டே."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இத்தனை நாள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் காவல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், பக்கத்தில் படுத்திருந்தவரைச் சந்தேகப்படத் தவறிவிட்டேன்.

அவர் ஊஞ்சலைக் கழற்ற ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் ஊஞ்சலின் இன்னொரு இரும்புக்காலைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.