விரல் எடுக்கும் வரை

குணாவின் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், உம்பாயில் மீன் சுடும் கடையொன்றில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். திரையில் அவன் பெயரைப் பார்த்ததும், "என்னடா, ஞாயித்துக்கிழமைகூட மனுஷிய விடமாட்டியா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். மறுமுனையில் பெண்குரல். "கிரேஸ் அக்கா, நான் மாலா பேசுறேன். அண்ணன் போயிட்டாருக்கா. காலையில மோட்டர்சைக்கிள கழுவிக்கிட்டு இருந்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு." மாலா அவனுடைய தங்கை, ஜொகூரில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வாரம்தான் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆயர் குரோ அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவனைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிளினிக்குகளிலும் சிகிச்சை மையங்களிலும் வாசலில் ஒரு தொடுதிரை இருக்கிறதே, வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தொட்டுப் பதிந்துகொள்வார்களே, அதற்குள் இருக்கும் உலாவியை உருவாக்குகிற சின்ன நிறுவனம் எங்களுடையது. குணா எழுதுவான். அவன் எழுதியதை உடைத்துப் பார்ப்பது என் வேலை. பல வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டோம். "நீ கல்யாண வீட்டுல சோத்துல கல்லு தேடுற ஆளு" என்பான். தேடினால் அவன் சோற்றில் கல் கிடைக்கும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டான்.

புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். எஸ்டேட் கைமாறியபோது குடும்பம் அங்கேயே ஒரு தாமானில், புதிதாகக் கட்டிய வீடமைப்புப் பகுதியில், குடியேறியது. அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். சிங்கப்பூரிலிருந்து அவனுக்கு நல்ல வேலை வந்தபோது, போய்த் தொலையேன் என்று நானே சொன்னேன். "அம்மாவ சென்டருக்கு யாரு ஏத்திக்கிட்டுப் போவா? நீ வர்றியா? நீ ஓட்டுற கார்ல ஏறுனா அவங்களுக்கு ஹார்ட்டும் சேந்து போயிரும்" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஒருநாள் காலை அலுவலகத்துக்குக் கீழே ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது சொன்னான். "நேத்து அம்மா சென்டர்ல அவங்க பேரத் தொட்டாங்களாம். யாரோ சீனப் பொம்பள படம் வந்துச்சாம். அவங்களோட மருந்து, அட்ரஸ் எல்லாம்." அந்த மையத்தில் இருந்தது எங்கள் திரைதான். கவுண்டரில் இருந்த பெண், ஆன்ட்டி தப்பாகத் தொட்டிருப்பார் என்று சொல்லி முடித்துவிட்டாள். அலுவலகத்திலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், நானும்தான். குணா ரொட்டியை அப்படியே வைத்துவிட்டான். "எங்கம்மா படிக்கல கிரேஸ். ஆனா அவங்க மூஞ்சி அவங்களுக்குத் தெரியும்லா."

அதன்பிறகு அலுவலகத்தில் இருந்த அதே மாதிரித் திரையை நான் தட்டாத தட்டு இல்லை. வேகமாகத் தட்டினேன், இரண்டு விரலால் தட்டினேன், மேலும் கீழும் தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. குணா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "நீ பியானோ வாசிக்கிற மாதிரி தட்டுற. அங்க வர்றவங்க யாரும் அப்படித் தொட மாட்டாங்க. வா" என்று சொல்லி மையத்துக்கே அழைத்துப் போனான். அவன் அம்மா சிகிச்சை முடிந்து வெளியே வந்தார். ஒரு கையில் கட்டு. மறுகையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, கிளம்புவதைப் பதியத் திரையில் தன் பெயர்மேல் விரலை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. களைப்பு. விரலைத் திரையில் ஊன்றியபடியே தாதியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. பிறகுதான் விரலை எடுத்தார். குணா என் கையைப் பிடித்து அழுத்தினான், வலித்தது. மறுநாள் அலுவலகத்தில் நான் விரலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பலமுறை திரை செத்துப்போனது. ஒரேயொருமுறை வேறொருவர் பெயர் திறந்தது. "வந்துருச்சுடி!" என்று அவன் கத்தியதில் பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. திரையில் தெரிகிற ஒவ்வொரு பெயருக்கும் இயந்திரத்தின் நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. பட்டியல் புதுப்பிக்கப்படும்போது பழைய பெயர்களின் இடம் விடுவிக்கப்பட்டு வேறொன்றுக்குப் போய்விடும். ஆனால் விரலைக் கவனித்துக்கொண்டிருக்கும் பகுதிக்கு அது தெரியாது. பழைய முகவரியையே கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். விரல் எடுத்ததும் அங்கே போகும். அங்கே யார் இருந்தாலும் பழைய ஆள் என்றே நம்பும். பெரும்பாலும் திரை செத்துவிடும், சில சமயம் இன்னொருவரின் விவரம் திறக்கும். கெட்ட எண்ணத்தோடு ஒருவன் வந்தால், காலியான அந்த இடத்தில் தனக்கு வேண்டியதை வைத்து, இயந்திரத்தையே தன் சொல்படி ஆட்டலாம். குணா பயந்தது அதற்குத்தான்.

முதலாளிக்கு இது புரியவில்லை. அவருக்குக் குணா விளக்கியதை நான் மறக்க மாட்டேன். "பாஸ், ஒரு ஆளு செத்துட்டாரு. அவரு பிரீபெய்ட் நம்பருக்கு யாரும் டாப்-அப் பண்ணல. கொஞ்ச நாள்ல கம்பெனிக்காரன் அந்த நம்பர வேற ஆளுக்குக் குடுத்துருவான். ஆனா உங்க போன்ல இன்னும் அவரு பேருதான் இருக்கு. நீங்க அடிச்சு வீட்டு விஷயம் எல்லாம் சொல்றீங்க. அந்தப் பக்கம் கேக்குறது யாரு?" முதலாளி தன் கைப்பேசியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரி, செய்" என்றார்.

குணா காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் குழுவில் இன்னொருவர் அவசரத்துக்கு ஒரு திருத்தம் போட்டிருந்தார். திரை செத்துப்போகிற இடத்தில், தப்பு வந்தால் அப்படியே தாண்டிப் போகும்படி ஒரு சோதனை வைத்துவிட்டார், அவ்வளவுதான். திரை சாவது நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். குணா அந்தத் திருத்தத்தை நீக்கிவிட்டான். "இப்போ சாகல, அதனால தப்பு நடந்தா யாருக்கும் தெரியாது. அது இன்னும் மோசம்லா" என்றான். எந்தக் கோளாறு வந்தாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு, உங்களில் பலர் அவனைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறீர்கள்: "சரி, யாரு கையில இன்னும் இருக்கு?" கடைசியில் அவன் செய்த திருத்தம் மிகச் சிறியது. ஒரு பெயரின்மேல் விரல் இருக்கும்வரை அந்தப் பெயரின் இடத்தை விடுவிக்கக் கூடாது. முதலாளி எட்டிப் பார்த்து, "ஒரு வரிக்கா இவ்ளோ நாளு?" என்று கேட்டார். குணா சிரித்தான். கூடவே ஒரு சோதனையும் எழுதினான். தொட்டுவிட்டு எடுக்காமல் இருக்கும் ஒரு பொய் விரல். அந்தச் சோதனைக்கு 'அம்மா' என்று பெயர் வைத்தான். அது தேறியது என்று என் திரையில் பச்சை விழுந்த அன்று, எங்கள் இருவருக்கும் தின்ன அவனே கடையிலிருந்து பசெம்பூர் பொட்டலம் வாங்கி வந்தான்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. திருத்தம் எங்கள் கணினியில் இருந்தது, திரைகளுக்குப் போகவில்லை. மையங்களை நடத்துகிறவர்கள், நடுவில் எதையும் மாற்றக் கூடாது, முதலில் அவர்கள் பக்கத்தில் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அந்த ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்தவர் வரட்டும் என்றார்கள். பெருநாள் முடியட்டும் என்றார்கள். குணா எழுதினான், கூப்பிட்டான், நேரிலேயே போய் நின்றான். "நானே போட்டுத் தர்றேன், காசு வேணாம்" என்றுகூடச் சொல்லியிருக்கிறான். வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை எதிர் மேசையிலிருந்து பார்த்தேன். ஒருநாள், "நோவு என்னான்னு தெரியும், மருந்து கையில இருக்கு, குடுக்க விடமாட்றான் கிரேஸ்" என்று சொல்லிவிட்டுக் கணினியை அணைத்தான். அப்படி அவன் நேரத்தோடு வீட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை.

உடலைத் தூக்கிய அன்று ஆண்கள் மின்சுடலைக்குப் போய்விட, பெண்கள் வீட்டில் இருந்தோம். கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பேசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திடீரென்று டிவி மேல் இருந்த குணாவின் கைப்பேசி அடித்தது. மாலா ஓடினாள். "எடுக்காத" என்றார் அம்மா. அடித்தது அவர்தான். மாலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனைக்காத கிரேசு. அவன் எடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். தினம் இந்நேரத்துக்கு அடிச்சு சாப்டியான்னு கேப்பேன். ரிங் போனாப் போதும்மா. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

மாலா அந்த எண்ணை நிறுத்திவிடலாம் என்றுதான் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவள் செத்துப் பிழைத்தாள். எனக்கோ முதலாளியின் அறையில் நின்று குணா பேசியது காதில் கேட்டது. கொஞ்ச நாளில் அந்த எண் வேறு ஒருவனுக்குப் போகும். ஒரு மதியம் அம்மா அழைப்பார். யாரோ எடுத்து "ஹலோ" என்பான். "போன எங்கிட்ட குடு மாலா, நான் பாத்துக்குறேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் அம்மாவை நானே மையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனேன். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணைக் குனிந்து பார்த்தேன். பழையதுதான். கவுண்டரில் கேட்டேன். "அது கம்பெனி பாக்கணும்லா அக்கா" என்றாள் அந்தப் பெண். அந்தக் கம்பெனியில் குணாவின் மேசையில் இப்போது பழைய பிரிண்டர் இருக்கிறது, அவன் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. இதை அவளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அம்மா திரைக்கு முன்னால் வந்தார். தன் பெயரைத் தொட்டார், தொட்ட வேகத்தில் சூடுபட்டதுபோல விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவர் படம் சரியாக வந்தது. என் பக்கம் திரும்பி, "தொட்டா ஒடனே எடுத்துரணும்மான்னு சொல்லிக் குடுத்தான். வீட்டுல மேசையில வச்சுப் பழக்குனான்" என்றார்.

அவ்வளவு படித்து, அவ்வளவு தேடி, அவ்வளவு சரியாக அவன் கண்டுபிடித்ததில் இந்த உலகத்தைப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான், அவன் அம்மாவின் ஒரு விரல். மற்றவர்கள் இன்றும் அந்தத் திரையில் விரலை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்கள். நான் வெளியே வரும்போதும் திரைக்கு முன்னால் அப்படி ஒருவர் நின்றிருந்தார். அவரைக் கடந்து காருக்குப் போனேன். ஆறுதலாக எதையாவது எழுதி முடிக்கத்தான் ஆசை. என்னிடம் இல்லை. அவன் நல்லவன், வேலை தெரிந்தவன், எதிரில் உட்கார்ந்து என்னைத் திட்ட இனி யாருமில்லை.

அவனுடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கைப்பேசி மட்டும்தான். மாதாமாதம் டாப்-அப் செய்கிறேன், சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன், மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அம்மா விரலை எடுக்கும்வரை அந்த எண்ணை விடமாட்டேன். இன்று மதியமும் அடித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. இழுப்பறையைத் திறந்து வைத்து, தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.