எடுக்காத கல்

சுரங்கத்திலிருந்து கல் எடுத்தவனை எங்கள் கூலி லைனில் யாரும் திருடன் என்று ஒதுக்கியதில்லை. தொரைமார் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகும் பொன்னில் ஒரு துணுக்கு குறைந்தால் என்ன கெட்டுப்போச்சு என்பார்கள். மாட்டிக்கொண்டவனுக்குக் கள்ளுக்கடையில் முதல் கலயம்.

கல் எடுத்தவன் என்ற பேர் எனக்கும் வந்தது, எடுக்காமலேயே. ஷிப்டு முடிந்து கூண்டில் மேலே வந்ததும் காவல்காரர்களிடம் துணியை உதறிக் காட்ட வேண்டும். என் தலைப்பாகையிலிருந்து பொன் ஓடிய வெள்ளைக்கல் ஒன்று விழுந்தது. கீழே சூடு தாங்காமல் கழற்றிப் போட்ட எல்லார் துணியும் ஒரே குவியலாகக் கிடக்கும்; எந்தப் பாவி சொருகினானோ! மேஸ்திரி என் காதோரம் வந்தார்.

"ஒத்துக்கோடா, அபராதத்தோட போவும். இல்லன்னா போலீசுக்காரனுங்க தோல உரிச்சிடுவானுங்க."

ஊரிகம் கோர்ட்டில் நின்று, "நான்தான் எடுத்தேன் சாமி" என்று சொல்லிவிட்டேன். தீர்ப்புக்கு வேறு நாள் குறித்து ஜாமீனில் விட்டார்கள்.

பெண்டாட்டியிடமாவது உண்மையைச் சொன்னேனா? பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள்வதைவிடத் திருடன் என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது. "உனக்காகத்தான் எடுத்தேன்" என்றேன். த்தூ! அவள் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குக் கோழிக்குழம்பு வைத்தாள். வெட்கமில்லாமல் தின்றேன்.

பிறகுதான் தெரிந்தது, அபராதம் கிடையாது, ஜெயில்; கம்பெனி கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள்? தீர்ப்பு நாளில், அவளும் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்தேன்.

"நான் எடுக்கல சாமி. முன்ன சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அப்ப ஏன் ஒத்துக்கிட்டே? போலீஸ் அடிச்சாங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

ஆமாம் என்றால் மானம் தப்பிவிடும். வாய்வரை வந்தது. உடம்பைக் காட்டு என்பாரே!

"அடிக்கல சாமி. அடிப்பாங்கன்னு பயந்துட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. என்னோடு வேலை செய்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல், பழைய வாக்குமூலத்தைத் தள்ளிவிட்டு சாட்சிகளைக் கூப்பிட்டார். துணிகள் கலந்து கிடந்தது உண்மை என்று அவர்கள் சொல்ல, என்னை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து குழந்தையை வாங்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அதான் வூடு தப்பிச்சிடுச்சே, இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்று எரிந்து விழுந்தேன்.

"போலீசுக்காரனுங்க திருடன் பொண்டாட்டின்னு பேசுனப்பகூட நான் தல நிமிந்துதான்யா தண்ணி மொண்டாந்தேன். எனக்காவ எடுத்தேன்னு நம்பிக்கினு இருந்தேன்" என்றாள்.